பி.பி. நம்பர்

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தம்முடைய இரண்டாவது கவிதைத் தொகுதியைத் தபாலில் அனுப்பியிருந்தார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: 'படித்துவிட்டு அபிப்பிராயம் எழுதுங்கள், தாட்சண்யம் வேண்டாம்.' படித்துவிட்டேன். எழுதவில்லை. தாட்சண்யம்தான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். அது இல்லை.

தொகுதியில் பாதிக்கு மேல் பால்யத்தைப் பற்றிய கவிதைகள். பம்பரம், நுங்கு வண்டி, மர்ஃபி ரேடியோ, மின்சாரம் போன இரவு, மொட்டைமாடி, பாட்டி உருட்டிக் கொடுத்த சோறு. அநேகமாக ஒவ்வொரு கவிதையின் முடிவிலும் ஒரு செல்போன் வந்து இவற்றையெல்லாம் விழுங்கிவிட்டுப் போகிறது. நண்பருக்கு என் வயதுதான், முப்பத்தெட்டு. மர்ஃபி ரேடியோவை அவர் பரண்மேல் பார்த்திருக்கலாம். பாடக் கேட்டிருக்க முடியாது. பிறருடைய ஏக்கத்தை இரவல் வாங்கித் தன்னுடையதாக எண்ணிக்கொள்வது நம் கவிதையில் இப்போது சகஜமாகிவிட்டது. அதையும் மன்னித்துவிடலாம். எனக்கு உறுத்தியது வேறு. இந்தக் கவிதைகளில் சாமான்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே யாரும் யாருக்கும் எதையும் செய்துவிடுவதில்லை.

நான் பாங்கில் நகைக் கடன் கவுண்டரில் குமாஸ்தா. தினமும் சாமான் பட்டியல் எழுதுகிறவன். தோடு ஒரு ஜோடி, மொத்த எடை இவ்வளவு, கல் நீக்கி நிகர எடை இவ்வளவு, மதிப்பு இவ்வளவு. எதற்காகக் கடன் என்பதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'குடும்பச் செலவு' என்று நாங்களே நிரப்பிவிடுவோம். நண்பரின் கவிதைகளைப் படிக்கும்போது அந்தப் படிவம்தான் ஞாபகம் வந்தது. எடை எல்லாம் சரியாக இருக்கிறது. எதற்காகக் கழற்றப்பட்டது என்ற கட்டத்தில் மட்டும் 'இழந்த சொர்க்கம்' என்று எழுதியிருக்கிறது.

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் எங்களுக்கு வேர்ட்ஸ்வொர்த் உண்டு. பால்யத்தைப் புனிதமாக்கியவர் என்று அவரைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினேன். பிற்பாடு 'ப்ரெலூட்' நெடுங்கவிதையைத் தனியாகப் படித்தபோது நான் எழுதியது அரைகுறை என்று தெரிந்தது. 1805-ல் பதின்மூன்று பாகங்களாக ஒருவாறு முடித்து, பிறகும் பல வருஷங்கள் திருத்திக்கொண்டே இருந்து, 1850-ல் அவர் இறந்தபின் அச்சேறிய கவிதை அது. அதன் முதல் பாகத்திலேயே ஒரு சிறுவன் இரவில் யாருடைய படகையோ அவிழ்த்துக்கொண்டு ஏரியில் போகிறான். போகப்போக ஒரு மலை எழுந்து நின்று அவனைத் துரத்துகிறது. படகைக் கொண்டுவந்து கட்டிவிட்டு வீடு திரும்பியும் பல நாள் அவனுக்கு நிம்மதி இல்லை. பால்யத்தைப் பாட உட்கார்ந்த கவிக்கு முதலில் ஞாபகம் வந்தவற்றுள் ஒரு திருட்டும் இருந்தது. நண்பருக்கு எழுத வேண்டியது இதைத்தான். ஆனால் இதை எழுதுவதற்கு முன், என் ஏரியில் உள்ள படகைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும் என்று பட்டது.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. நான் பையனாக இருந்தபோது சேலம் மாவட்டம். 1997 ஜனவரியில்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. மலையும் அர்த்தநாரீஸ்வரரும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தவை. எங்களுக்குத் தெருவில் தெரிவது ரிக் வண்டிதான். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் அந்த வண்டிகள் எங்கள் ஊரிலிருந்து கிளம்பி ஆந்திரா, மஹாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று மாதக் கணக்கில் போய்விடும். கூடவே ஆண்களும் போய்விடுவார்கள்.

அப்பாவுக்கு நூல் தரகு. தொழிலுக்கு அவசியம் என்று டெலிபோனுக்கு மனுப் போட்டு, ஆறு வருஷம் காத்திருந்து, 1994-ல் இணைப்புக் கிடைத்தது. கேட்டவர்க்கெல்லாம் 1997-க்குள் டெலிபோன் என்று அரசாங்கம் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையில் எழுதிய வருஷமும் அதுதான். அடுத்த ஆண்டு ஜூலை 31-ந் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லியிலிருந்த சுக்ராமை செல்போனில் அழைத்துப் பேசினார். நாட்டின் முதல் செல்போன் பேச்சு அது. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. எங்கள் தெருவின் முதல் டெலிபோன் எங்கள் வீட்டில் ஹால் மூலையில், டயலில் ஒரு சின்னப் பூட்டுத் தொங்க, மேலே எம்பிராய்டரி துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

ஆறு மாதத்திற்குள் அது தெருவின் டெலிபோன் ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, ரிக் ஆபீஸ் நோட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் எங்கள் நம்பர், பக்கத்தில் 'பி.பி.' என்ற இரண்டு எழுத்து. ட்ரங்க் கால் காலத்தில் குறிப்பிட்ட நபருக்கென்று பதிவு செய்யும் அழைப்புக்கு இருந்த பெயர் அது. எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது: போன் அடுத்த வீட்டில் இருக்கிறது, ஆள் போய்க் கூட்டி வரவேண்டும். அந்த ஆள் நான்.

இதற்கென்று ஒரு முறை இருந்தது. வெளியூரிலிருந்து கூப்பிடுகிறவர் முதலில் ஒரு தடவை கூப்பிட்டு, யார் வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுமல்லவா? பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கூப்பிடுவார். அந்தப் பத்து நிமிஷம் என்னுடையது. நான் ஓடுவேன். 'அக்கா, போன்!' என்று வாசலில் நின்று கத்தினால் போதும். உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். போன் பேச வருமுன் பெண்கள் தலையை ஒருதரம் வாரிக்கொள்வார்கள். சேலையை உதறிக் கட்டிக்கொள்வார்கள். எதிரே இருப்பவர் பார்க்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வேறொரு வீட்டின் ஹாலில், மற்றவர்கள் முன்னிலையில் நின்று, புருஷனுடன் பேசப் போகிறார்கள்.

ஒன்பது வயதில் தெருவின் அந்தரங்கம் முழுக்க என் வழியாகப் போய்வந்தது. யார் பரீட்சையில் தவறினான், யார் மகள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், யாருக்குப் பணம் வரவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மரணச் செய்தி ஒன்றைத்தான் என்னிடம் தரமாட்டார்கள். அதற்கு அப்பாவே சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்படுவார். இரவு ஒன்பது மணிக்கு அப்பா சட்டை போடுகிறார் என்றால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள்.

வால்டர் பெஞ்சமின் தன் பெர்லின் பால்யத்தைப் பற்றி 1930-களில் எழுதிய குறிப்புகளில் டெலிபோனுக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. வீட்டின் இருண்ட நடைவழியில் தள்ளிவைக்கப்பட்டிருந்த அந்தக் கருவி பெரியவர்களின் மதியத் தூக்கத்தைக் கலைப்பதை ஒரு யுத்தம்போல் சொல்கிறார். அவருடைய மணி ஒரு குடும்பத்தின் அமைதியைத்தான் குலைத்தது. எங்கள் வீட்டு மணி தெரு முழுக்கக் கேட்கும். கேட்ட ஒவ்வொரு வீட்டிலும், நமக்காக இருக்குமோ என்று ஒருத்தி கையிலிருந்த வேலையை நிறுத்துவாள். செய்தி ஒருவருக்கு, மணி எல்லோருக்கும்.

எல்லோருக்கும் என்றா சொன்னேன்? அதைத் திருத்த வேண்டும். தெருக்கோடி தாண்டி அருந்ததியர் காலனி இருந்தது. ரிக் வண்டிகளில் கல்லும் சேறுமாக நிற்கிற வேலைக்கு அங்கிருந்தும் ஆட்கள் போனார்கள். அவர்களுக்கும் எங்கள் நம்பர்தான் பி.பி. அவர்களையும் நான்தான் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். ஆனால் அவர்கள் ஹாலுக்குள் வந்ததில்லை. அதற்காக அப்பா இருபதடி வயர் வாங்கிப் போட்டார். கருவியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் வைத்துவிடலாம். அவர்கள் திண்ணைக்குக் கீழே நின்று பேசுவார்கள். பேசி முடித்ததும் அம்மா ரிசீவரைத் துணியால் துடைத்து உள்ளே எடுத்து வருவாள். 'அவங்களுக்கும் போன் குடுக்கற மனுசன்' என்று அப்பாவுக்கு ஊரில் நல்ல பெயர். வயருக்கு அவர் செலவழித்தது உண்மை. அவருடைய தாராள மனசின் அளவு இருபதடி என்பதும் உண்மை.

எங்கள் பால்யத்தில் மனிதர்கள் நெருங்கியிருந்தார்கள் என்று நண்பர் எழுதுகிறார். எவ்வளவு நெருக்கம் என்பதை அந்த வயரை அளந்தவன் சொல்ல முடியும். இன்று அந்தக் காலனிப் பையன் சட்டைப் பையில் அவனுடைய போன் அடிக்கிறது. யாருடைய திண்ணைக்குக் கீழேயும் அவன் நிற்க வேண்டியதில்லை. செல்போனைத் திட்டிக் கவிதை எழுதுகிறவர்கள் முதலில் இந்த இடத்தைக் கடந்து வரவேண்டும். சாதி போய்விட்டது என்று சொல்லவில்லை. அது போன் வழியாகவே எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறோம். ஒரு திண்ணை மட்டும் இல்லாமலாயிற்று. அதுவே சின்ன விஷயம் இல்லை.

இனி என் படகு.

1996 மார்ச் 9, சனிக்கிழமை. உலகக் கோப்பை கால் இறுதி, பெங்களூரில் இந்தியாவும் பாகிஸ்தானும். பகலிரவு ஆட்டம். எங்கள் ஹாலில் தெரு ஆண்கள் எல்லோரும் இருந்தார்கள். இந்தியா 287 எடுத்து முடித்து, பாகிஸ்தான் ஆடிக்கொண்டிருந்தது. நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. அப்போது மணி அடித்தது. போனை எடுப்பது என் வேலை. யாரும் தலையைத் திருப்பவில்லை.

எதிர்ச் சாரி அக்காவின் புருஷன். ரிக் டிரைவர். ராய்ப்பூர் பக்கத்திலிருந்து பேசினார். அது அன்று மத்தியப் பிரதேசம், 2000-லிருந்து சத்தீஸ்கர். வண்டி ஏதாவது ஊருக்கு அருகில் நின்றால் சனிக்கிழமை ராத்திரி கூப்பிடுவது அவர் வழக்கம். 'தம்பி, அக்காளைக் கூட்டியாந்து வை. பத்து நிமிசத்துல மறுக்காக் கூப்படறேன்.' சரிங்க மாமா என்று வைத்தேன். 'யாருக்கு?' என்றார் அப்பா. 'ராங் நம்பருங்கப்பா' என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஆமிர் சோஹைல் ஆடிக்கொண்டிருந்தார். எழுந்து போனால் என் இடம் பறிபோய்விடும். வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

ஜன்னல் வழியாக எதிர்வீடு தெரியும். மணி அவளுக்குக் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை என்றும் தெரியும். வாசல் தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். தலையை வாரியிருந்தாள். கூப்பிடாமல் வர முடியாது. ஹால் முழுக்க ஆண்கள். நான் அவளைப் பார்த்தேன். டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் மறுபடியும் மணி. 'அக்கா இல்லீங்க மாமா, கோயிலுக்குப் போயிருக்குது.' அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. 'செரி சாமி. அப்படீன்னா ஒண்ணு சொல்லிப்போடு. ஆயிரத்து எரநூறு ரூவா நம்ம வண்டிக்காரர்கிட்டக் குடுத்தனுப்பியிருக்கறேன். ரிக் ஆபீசுல போயி வாங்கிக்கச் சொல்லு. நாங்க காட்டுக்குள்ள போறம். கூப்பட நாளாகும்.' சரிங்க என்றேன். முதுகுக்குப் பின்னால் ஹால் ஆரவாரத்தில் வெடித்தது. சோஹைல் ஒரு பவுண்டரி அடித்துவிட்டு, மட்டையை நீட்டி அதே திசையைக் காட்டியிருக்கிறார்; அடுத்த பந்தில் வெங்கடேஷ் பிரசாத் அவருடைய ஸ்டம்பைப் பெயர்த்துவிட்டார். அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை. திருப்பிக் காட்டியபோதுதான் பார்த்தேன். 39 ரன்னில் இந்தியா ஜெயித்தது.

இன்று அந்தப் பந்து யூட்யூபில் இருக்கிறது. என் மகள்கூடப் பார்த்திருக்கிறாள். அதே கணத்தில் போனில் நான் சொன்ன வாக்கியம் எங்கும் பதிவாகவில்லை. அதற்குச் சாட்சி நான் ஒருவன்தான்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் தண்ணீர்க் குழாயடியில் அக்காவே எதிரே வந்தாள். போன் வந்ததா என்று அவள் கேட்கவில்லை. 'நேத்து மேட்சுல ஜெயிச்சாச்சா கண்ணு?' என்றாள். ஆமாங்க்கா என்றேன். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பணத்தைச் சொல்ல வேண்டுமானால் போன் வந்ததைச் சொல்ல வேண்டும். போன் வந்ததைச் சொன்னால் பொய் வெளியாகும். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் அது அந்த ஒரு நாள் அளவுக்குக் கனத்தது.

அடுத்த வாரம் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு வயதுப் பையன். வலிப்பு வந்து, ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான்கு நாள் கழித்துப் பிழைத்துத் திரும்பி வந்தான். அவள் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அடகு வைத்துவிட்டாள் என்று அம்மா சமையலறையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து கால்மணி நடை தூரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிக் ஆபீசில், ஆயிரத்து இருநூறு ரூபாய் அவள் பெயரில் கிடந்தது. உலகத்தில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர்: காட்டுக்குள் இருந்த ஒருவர், பணத்தை வைத்துக்கொண்டு ஆள் வரும் என்று காத்திருந்த ஒருவர், நான்.

மார்ச் 30-ந் தேதி, அதுவும் சனிக்கிழமை, மாமாவின் போன் வந்தது. நான் ஓடினேன். வாசற்படியில் இடித்துப் பெருவிரல் நகம் பெயர்ந்தது. அவள் வந்து ரிசீவரை எடுத்தாள். அப்பாவும் அம்மாவும் ஹாலில் இருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். குழந்தையின் காய்ச்சலைச் சொன்னாள், தோட்டைச் சொன்னாள். பிறகு, 'எந்தப் பணமுங்க? எங்கிட்ட ஆரும்...' என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். கதவுப் பக்கம் பார்த்தாள். கதவிடுக்கில் என் கால் தெரிந்திருக்கும். நகத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. 'ஆமாங்க. சொன்னாங்க. நாந்தான் நெனவு தப்பிப்போயிட்டேன்' என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து வசவு வந்தது. ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். போகும்போது அம்மாவிடம், 'தம்பி கால்ல அடிபட்டிருக்குதுங்க, பாருங்க' என்றாள்.

இதில் நான் தண்டனை எதுவும் அடையவில்லை. மாமா ஊர் திரும்பியபின் அதைப் பற்றி விசாரிக்கவுமில்லை. அதற்குப் பிறகும் அவளுக்குப் போன் வந்தால் நான்தான் ஓடினேன், முன்னைவிட வேகமாக. ஈர்க்குச்சி சுமார் ஒரு வருஷம் அவள் காதில் இருந்தது. பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போன் வந்தது; பின்னர் செல்போன். 2003-ல் உள்வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆனதும் ரிக் வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒன்று வாங்கினார்கள். பி.பி. என்ற எழுத்துகள் பத்திரிகைகளிலிருந்து மறைந்தன. என் உத்யோகம் போயிற்று. எங்கள் வீட்டு மணி அடித்தால் அது எங்களுக்கு மட்டும் என்றாயிற்று. அப்பாவுக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்திருக்க வேண்டும். இருபதடி வயரைச் சுருட்டிப் பரணில் போட்டார்.

என் மகள் 2016-ல் பிறந்தாள்; ஜியோ வந்த வருஷம். அன்று எனக்கிருந்த அதே வயது இன்று அவளுக்கு. போனில் குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற பிரலாபத்தில் எனக்குப் பங்கில்லை. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு அதிகம் தெரியும். கேள்விகளும் நன்றாகவே கேட்கிறாள். ஊரிலிருக்கும் என் அம்மாவுடன் முகம் பார்த்துப் பேசுகிறாள். ஆனால் பெரியவர்களின் சொல் எதுவும் அவள் வழியாகப் போவதில்லை. எதிர் ஃபிளாட்டுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட்டு வா என்றால், 'மெசேஜ் போடுங்கப்பா' என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். அவளிடம் தரப்படும் ஒரே செய்தி, லீவுக்கு வரும் பாட்டியின் போனில் விழும் ஓ.டி.பி. ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்வாள். பத்து நிமிஷத்தில் அது செத்துப்போகும். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் யாருக்கும் துரோகம் செய்ய வழியில்லை.

நல்லதுதானே? நல்லதுதான். என் மகள் ஒருத்தியின் தோட்டைக் கழற்ற வைக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட முடியாது. ஆனால் ஒன்பது வயதில் நான் தேவையாக இருந்தேன். நான் ஓடாவிட்டால் ஒரு வீட்டில் ஒன்று நடக்கும் என்ற நிலைமையில் இருந்தேன். பொறுப்பு என்ற சொல் எனக்கு அகராதியிலிருந்து வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதிலிருந்து வந்தது. மகளுக்கு அது வேறு எங்கிருந்தாவது வரும். எங்கிருந்து என்று எனக்கு ஊகிக்கத் தெரியவில்லை. இரண்டு பால்யங்களுக்கும் உள்ள வித்தியாசம் பம்பரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன் மாற்றலாகி ஊருக்குப் பக்கத்துக் கிளையில் இருந்தேன். ஒரு நாள் நகைக் கடன் கவுண்டரில் அக்கா வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. வைக்க வரவில்லை, மீட்க வந்திருந்தாள். வளையல் இரண்டு. பணம் கட்டி, நகைப் பை வெளியே வரும்வரை என் எதிரே உட்கார்ந்திருந்தாள். மாமா இப்போது ரிக்குக்குப் போவதில்லை, மூச்சு வாங்குகிறது. அந்தப் பையன்தான் போகிறான், காய்ச்சலில் பிழைத்தவன். அதே சத்தீஸ்கருக்கு. போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். 'இதைப் பாரு சாமி. நாலு நாளா ஒரு பதிலும் இல்லை.'

பார்த்தேன். அவள் குரலிலேயே பேசி அனுப்பிய செய்திகள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு நீலக் குறி.

'பாத்துட்டான்னு அர்த்தமாமா? பேத்தி சொல்றா.'

ஆமாங்க்கா என்றேன். வேலையாக இருப்பான், அப்புறம் கூப்பிடுவான் என்றேன். கவுண்டரில் உட்கார்ந்து சொல்கிற வார்த்தைகள். அவள் போனை வாங்கி முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

'நடுவால ஒரு பையன் இருந்தான்னா, அவன் சொல்லாம உட்டுட்டான்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கலாம்' என்றாள்.

குத்திக் காட்டினாளா, குறையைச் சொன்னாளா, என்னை மன்னித்தாளா? முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. 'அக்கா, அன்னைக்கு...' என்று ஆரம்பித்தேன். 'பை வந்துருச்சு பாரு' என்றாள். வளையல்களை எடை பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். அங்கேயே போட்டுக்கொண்டு போனாள். காதில் தோடு இருந்தது. அந்தப் பழைய தோடுதானா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. அந்நாளில் அதை நான் பார்த்ததே இல்லை. அது இல்லாமல் போனபிறகுதான் பார்த்தேன்.

அவள் சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தாமதத்திற்கும் மறதிக்கும் பொய்க்கும் நடுவில் ஓர் ஆள் இருந்தான். அவன் தலையில் எதையும் போடலாம். கூப்பிட்டிருப்பார், பையன் சொல்லவில்லை. மணியார்டர் அனுப்பியிருப்பார், தபால்காரர் வரவில்லை. அந்த ஆளை இப்போது எடுத்துவிட்டோம். பார்த்தும் பதில் சொல்லாதவனுக்கும் காத்திருப்பவளுக்கும் நடுவில் இன்று யாரும் இல்லை. இது முன்னேற்றமா, வீழ்ச்சியா என்று தீர்ப்பு எழுத எனக்கு ஆசையில்லை. திண்ணைக்குக் கீழே நின்றவர்களையும் கணக்கில் எடுத்தால் முன்னேற்றம் என்றே கை தூக்குவேன். அப்படித் தூக்கும்போதும் அந்த இரண்டு நீலக் குறிகளை மறந்துவிட முடியாது.

நண்பருக்கு அபிப்பிராயம் எழுத உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறேன். அவருடைய பம்பரமும் நுங்கு வண்டியும் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த வண்டியை உருட்டிக்கொண்டு அவர் யார் வீட்டு வாசலைத் தாண்டிப் போனார், அங்கே யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கவிதை அங்கிருந்து ஆரம்பமாகியிருக்கும். இதை நேரில் சொல்லியிருக்கலாம், எப்போதோ சொல்லியிருக்கலாம். அவர் அனுப்பிய செய்தியை நான் படித்துவிட்டேன் என்பது அவருக்கு மூன்று மாதமாகத் தெரியும்.